குவித்த கை

தேரிக்காட்டுச் செம்மணலில் நடந்து வருகிறவன் யாராக இருந்தாலும் சாமியாரின் தண்ணீர்ப் பந்தலில் நின்றுதான் ஆகவேண்டும். அந்தப் பாதையில் வேறு தண்ணீர் கிடையாது. அதற்காகத்தான் மாசானம் அவரிடம் சீடனாகச் சேர்ந்தான். ஞானம் கீனம் எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

சுற்றுவட்டாரப் போலீஸ் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த வழிப்பறிக்காரன் அவன். ஆளைப் பார்த்தால் மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்காது. அவர்கள் கூட்டத்திலேயே இருந்த கொம்பையா, மாசானத்தின் அண்ணனைத் தூக்கத்தில் வெட்டிவிட்டு ஓடிப்போனான். அவனை முடித்துவிட்டு வந்தால்தான் வீட்டுப் படி ஏறலாம் என்று அம்மை சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் முதல் நாளே மாசானம் சாமியாரிடம் ஒளிக்காமல் சொன்னான். அவர் புத்தி சொல்லவில்லை. அரிவாளைத் தூக்கிப் போடச் சொல்லவும் இல்லை.

“இங்க இருந்தா தண்ணி ஊத்தணும்,” என்றார். “குடிக்கிறவன் தானா கையை எடுக்கிற வரைக்கும் நிறுத்தப்படாது.”

“எடுத்த பொறவு?”

“அது உன் பாடு.”

பந்தலின் இந்த வழக்கம் பாதையில் போகிற வருகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாசானத்துக்கு அது சல்லிசான பேரமாகத் தோன்றியது. அரிவாளைப் பானையடி மணலில் செருகி வைத்தான். தினமும் நெடுந்தொலைவு நடந்து குடம் குடமாகச் சுமந்து வந்தான். யாராவது கொஞ்சம் சிந்தினாலும் எரிந்து விழுவான். தோள் வலிக்கச் சுமந்தவன் அவன்தானே.

சித்திரை மாதத்து உச்சிவெயிலில் கொம்பையா வந்தான். நாக்கு வறண்டு, யார் எவர் என்றுகூடப் பார்க்காமல் குனிந்து கையைக் குவித்தான். பாதி அறுந்த இடது காதைப் பார்த்ததுமே மாசானத்துக்கு ஆள் தெரிந்துவிட்டது. குடத்தைச் சாய்த்தான்.

கொம்பையா மடக் மடக்கென்று குடித்தான். வயிறு நிறைந்து தலையைத் தூக்கியவன், ஊற்றுகிறவனின் முகத்தைப் பார்த்துவிட்டான். சட்டென்று மறுபடி குனிந்துகொண்டான்.

அதன்பிறகு அவன் தொண்டை அசையவில்லை. தண்ணீர் முழங்கை வழியாக மணலில் ஓடியது. குவித்த கை மட்டும் குவித்தபடியே நடுங்கிக்கொண்டிருந்தது.

மாசானம் வைய வாயெடுத்தான். கண் அந்தக் கையில் போய் நின்றது. அண்ணனை வெட்டிய கை என்று எத்தனையோ ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். அது இப்படி நடுங்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று அவனுக்கே அழுகை வந்தது.

குடம் லேசாகிக்கொண்டே வந்தது. அடித்தண்ணீர் சலசலத்தது.

“சாமி,” என்றான் மாசானம், திரும்பிப் பார்க்காமல். “இன்னொரு குடம் எடுங்க.”

சாமியார் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது குடமும் பாதியானபோது கொம்பையா மெல்லப் பின்னால் நகர்ந்தான். ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி, குவித்த கையை வாயிலிருந்து எடுக்காமலே பாதையில் இறங்கினான். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைகிறவரை அப்படியேதான் போனான். அவன் நின்ற இடத்தில் மாசானம் இன்னும் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான்.

சாமியார் குடத்தைப் பிடித்து நிமிர்த்தினார்.

“எங்கம்மைட்ட என்ன சொல்லுவேன், சாமி?” என்று கேட்டான் மாசானம். “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுப் படி ஏறுவேன்?”

காலிக் குடத்தை எடுத்து அவன் தோளில் வைத்தார் அவர்.

“அவன் இன்னும் கையை எடுக்கலைன்னு சொல்லு.”