உடும்பின் சுவரும் கீரியின் நகமும்

காட்டோடைக் கரையில் ஒரு பெரிய கறையான் புற்று இருந்தது. கறையான்கள் எப்போதோ போய்விட்டன. உடும்பு ஒன்று அதை வளைத்துப்போட்டு, அறை அறையாகக் குடிவைத்திருந்தது.

கீழறையில் செம்பி என்ற கீரியும் அதன் குட்டியும் இருந்தன. அடுத்த அறையில் ஒரு தேரை. அதற்கும் அடுத்து முயல்கள்.

உடும்பு போட்டது ஒரே சட்டம்தான். "சுவரில் நகம் படக் கூடாது! பட்டால் அந்த நிமிஷமே வெளியே!"

அடைமழை வந்தது. குளிரடிக்கிறதென்று உடும்பு காற்றுத் துளைகளை எல்லாம் களிமண்ணால் அடைத்தது. கொஞ்ச நாளில் செம்பியின் சுவரில் கறுப்பாக ஏதோ படர்ந்தது. ஊறிப்போன சாக்கு மாதிரி நாற்றம். குட்டி இரும ஆரம்பித்தது.

"ஐயா, சுவரெல்லாம் பூஞ்சை! குட்டி மூச்சுக்குத் தவிக்குது!" என்றது செம்பி.

உடும்பு தொண்டையைக் கனைத்தது. "க்க்ரும்! நீ வர்றதுக்கு முன்னாடி சுவர் பளபளன்னு இருந்துச்சு! ஈரக் காலோட உள்ளே வர்றியே, அதான்!"

"யாரோ கண்ணு போட்டிருப்பாங்க அக்கா," என்றது தேரை. "எனக்கு ஜில்லுனு சுகமா இருக்கு!"

"உன்னைச் சேத்துல புதைச்சாலும் சுகம்தான்னு சொல்லுவே!" என்றது செம்பி.

உடும்பு பூஞ்சையின் மேலேயே செம்மண்ணை அப்பியது. "பார்த்தியா? புது வீடு!"

புது வீடு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. செம்மண்ணுக்கு மேலும் கறுப்பு எட்டிப் பார்த்தது. அன்று இருமி இருமிக் குட்டி சுருண்டு விழுந்தது.

செம்பி குட்டியைக் கவ்விப் போய் வெளியே பாறை இடுக்கில் கிடத்தியது. திரும்பி வந்தது. நகங்களை நீட்டியது.

சர்ர்ர்!

"ஏய்! என் சுவர்!" உடும்பு வாலை அடித்துக்கொண்டு ஓடிவந்தது. "இந்த மழையில எங்கே போவே? நனைஞ்சே சாவே!"

"நனைஞ்ச உடம்பு காயும். நெஞ்சுல பிடிச்ச பூஞ்சை காயுமா? தள்ளுங்க!"

சர்ர்ர்! செம்மண் பெயர்ந்து விழுந்தது. பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. அது முயல்களின் அறைவரை போயிருந்தது.

முயல்கள் எட்டிப் பார்த்தன. "அடப்பாவி மனுஷா... இல்ல, அடப்பாவி உடும்பே! எங்க சுவர்லயும் இதே செம்மண்ணைத்தானே பூசினே!"

அவையும் பிறாண்டத் தொடங்கின. அடைத்த துளைகள் படபடவென்று திறந்தன.

"எல்லாரும் வெளியே போங்க!" என்று கத்திய உடும்புக்கே இருமல் வந்துவிட்டது.

"எல்லாரையும் துரத்திட்டு யாரை மிரட்டுவீங்க?" என்றது குண்டு முயல்.

மழை விட்டது. திறந்த துளைகள் வழியே காற்றும் வெயிலும் உள்ளே பாய்ந்தன. பாறை இடுக்கில் குட்டி நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தது. இருமவில்லை.

"அம்மா, நானும் பிறாண்டட்டுமா?"

"வெளிப்பக்கம் ஒரு துளை மிச்சமிருக்கு. நல்லாப் பிறாண்டுடா, செல்லம்!"

பூஞ்சையைப் பூசி மறைக்கிறவரின் அதட்டலுக்கு அடங்காதே; சுவரைவிட மூச்சு பெரிது.