பச்சை என்று மூன்று தரம் சொன்னவன்

சத்தியம்! என் மீசைமேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் மீசை மொத்தமும் உதிரட்டும்! பாதி உதிர்ந்தது வயசால், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வெகு காலத்துக்கு முன்னே, நிழலுக்குக்கூட நிறமிருந்த காலத்திலே, அவுரிபுரி ராஜ்யத்தில் வெள்ளையம்மா என்றொரு சாயக்காரி இருந்தாள். பேர்தான் வெள்ளை; அவுரிச் சாயத்தில் ஊறி ஊறி, கையிரண்டும் முழங்கை வரை நீலம்!

ஒருநாள் அகடவிகடன் என்ற மந்திரவாதி மழையில் நனைந்து வந்தான். மந்திரத்தால் நிறமேற்றிய அவன் அங்கி, சாயமாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, உம்ம மந்திரம் ஒரு மழைக்குத் தாங்கலையே!" என்றாள் வெள்ளையம்மா. அவள் புருஷன் சடையாண்டி குலுங்கிச் சிரித்தான். சிரித்த வாயை மூடுமுன் வெள்ளாடாகிப் போனான்.

"அடி நீலக்கைக்காரி! கோலால் எழுதாமல், ஊசியால் தைக்காமல், மெழுகால் மறைக்காமல், நீலத் துணியில் வெள்ளை நட்சத்திரம் காட்டு. நாளைப் பொழுது சாய்வதற்குள்! இல்லையென்றால் இவன் ஆயுசுக்கும் ஆடுதான்."

அகடவிகடன் மகா பொல்லாதவன். ஆனால் பொய் மட்டும் சொல்லமாட்டான். ஒரு பொய் சொன்னால் கற்ற மந்திரமெல்லாம் கரைந்துபோகும் என்பது ஊரறிந்த சங்கதி.

மறுநாள் காலை, காலில் நூல் சிக்கிய கொக்கு ஒன்று தொப்பென்று சாயத் தொட்டியில் விழுந்தது. வெள்ளையம்மா தூக்கி நூலைப் பிரித்தாள். கால் நீலம்; நூல் சுற்றியிருந்த இடம் மட்டும் பழைய நிறம்!

"நான் பறந்து வந்த ஜப்பான் தேசத்துச் சாயக்காரருக்கு இதுதானே தொழில், அக்கா," என்றது கொக்கு. "துணியைக் கிள்ளு, நூலைச் சுற்று, முடிச்சை இறுக்கு!"

கிள்ளினாள், சுற்றினாள், இறுக்கினாள். ஆடு பக்கத்தில் நின்று அவுரித் தழையை மென்றது. ஆயிரம் முடிச்சு விழுந்தபோது அகடவிகடன் வந்து நின்றான்.

வெள்ளையம்மா துணியை முக்கி எடுத்தாள். இலைப் பச்சை!

"பச்சை! தோற்றாயடி!" என்று குதித்தான் அவன்.

அவள் உள்ளுக்குள் சிரித்தாள். "அப்படியா? மூணு தரம் சொல்லும், ஒத்துக்கறேன். முதலில் என் புருஷனிடம்."

"பச்சை!" என்றான் ஆட்டிடம்.

"கொக்கிடமும் சொல்லும். தூரத்து விருந்தாளி, நிதானமாய்."

"பச்... சை!"

"இப்போ கண்ணை மூடி, குலதெய்வம் எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கும்பிட்டுவிட்டு."

அவனுக்குக் குலதெய்வம் இருபத்தொன்று. கும்பிட்டு முடிப்பதற்குள் காற்று துணியைத் தடவிக்கொண்டே இருந்தது.

"பச்சை!"

கண்ணைத் திறந்தான். நடுக்கடல் நீலம்!

"காற்றுப் பட்டால்தான் அவுரி நீலமாகும். இதுகூடத் தெரியாமல் சாயம் பேச வந்தீரே!"

மூன்றாவது பச்சை பொய்! அவ்வளவுதான். மந்திரமெல்லாம் கரைந்து அவன் காலடியில் வழிந்தது. ஆடு நிமிர்ந்து சடையாண்டியானது. "தூ! இந்தத் தழை என்ன கசப்புடி!" என்பதுதான் அவன் முதல் பேச்சு.

முடிச்சுகளை அவிழ்த்தாள். ஆயிரம் வெள்ளை நட்சத்திரம்!

சேதி கேட்டு அவுரிபுரி ராஜா பரிசு மோதிரத்தோடு ஓடி வந்தார். "கையைக் கழுவிவிட்டு வா, அம்மா."

"கழுவினால் போகிற நிறமா மகாராஜா இது? அப்படியே போடுங்க!"

நீல விரலில் மோதிரம் ஏறியது. நீலக் கையென்று வெட்கப்பட்டு வந்த அவுரிபுரிப் பெண்கள் அன்று முதல் கையை ஒளிப்பதில்லை.

அகடவிகடன் இப்போதும் அங்கியை அலசிக்கொண்டு இங்கேதான் எங்கேயோ திரிகிறான். இந்தக் கதையை யார் சொன்னது என்று கேட்டால், கொக்கு சொன்னது என்று சொல்லுங்கள். என் பேரை மட்டும் எடுக்காதீர்கள், மிச்ச மீசையாவது எனக்கு வேண்டும்!