அரிவாள்மனை செய்யவிடாத கொழுந்தன்

குழந்தைகளின் வயிற்றுக்குள் குடியிருந்த நுண்ணுயிர்களும் நம்மைப் போலப் பேசி, சமைத்து, சண்டை போட்ட அந்தக் காலத்தில் வெள்ளத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். கண்ணுக்கே தெரியாத அளவு சின்னவள். கவலை மட்டும் மலையளவு.

குழந்தை கஞ்சி குடித்தால் அவள் வீட்டாருக்குக் குளுக்கோஸ் கிடைக்கும். அப்படியே தின்னலாம். பால் குடித்தால் வருவது பால் சர்க்கரை. அதை இரண்டாக நறுக்கினால்தான் தின்ன முடியும். நறுக்க அரிவாள்மனை வேண்டும். அதைச் செய்யும் முறையை வீட்டுக்குள் ஓடும் நீண்ட நூலில் முடிச்சுகளாகப் போட்டு வைத்திருந்தார்கள். அதைத் தடவிப் பார்த்துத்தான் செய்வார்கள்.

பால் எப்போது வருமோ என்று வெள்ளத்தாய் ஓயாமல் அரிவாள்மனை செய்தாள். தின்றதெல்லாம் அந்த வேலைக்கே போனது. ஒன்று இரண்டாகப் பெருகத் தெம்பில்லாமல் குடும்பம் தேய்ந்தது.

அவள் கொழுந்தன் பிச்சைக்கண்ணு உட்கார்ந்தால் எழாதவன்.

"பாலையே காணோம். யாருக்கு மதினி இத்தனை?" என்றான்.

"திடீர்னு வந்துட்டா? உங்க அண்ணன் பல்லால கடிப்பாரா?"

அவன் போய் முடிச்சுகளின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் நூலை இறுகப் பிடித்துக்கொண்டான். வேலை நின்றது. வீட்டில் சாப்பாடு மிஞ்சியது. வெள்ளத்தாய்க்குக்கூட கன்னம் கொஞ்சம் உப்பியது.

பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. கஞ்சியைத் துப்பிவிட்டுப் பாலை மட்டும் குடித்தது. வாசலெல்லாம் பால் சர்க்கரை, உள்ளே எல்லாரும் பட்டினி. பழைய அரிவாள்மனைகள் தேய்ந்து போயிருந்தன. பிச்சைக்கண்ணுவின் காலைப் பிடித்து அண்ணன் இழுத்துப் பார்த்தான். நூலைப் பிடித்த கை பிடித்தபடி மரத்துப் போயிருந்தது. எழத்தான் பார்ப்பதாகவும் கை விடமாட்டேன் என்கிறது என்றும் அவன் அழாத குறையாகச் சொன்னான்.

பிச்சைக்கண்ணு எப்போதோ கண்ணயர்ந்து பிடி தளர்ந்தபோது வெள்ளத்தாய் அவசரமாகச் செய்த அரிவாள்மனை ஒன்று மூலையில் கிடந்தது. மொக்கை. வெள்ளத்தாய் அதில் ஒரு சர்க்கரையை நறுக்கப் பார்த்தாள். அது துண்டாகாமல் கோணலாகத் திரும்பி ஒட்டிக்கொண்டது. தின்ன முடியாவிட்டாலும் சப்பினால் இனிக்கும் என்று எல்லாரும் அதையே பார்த்தார்கள். அவளுக்கும் வயிறு காந்தியது. ஆனாலும் கொண்டுபோய்ப் பிச்சைக்கண்ணுவின் உள்ளங்கையில் திணித்தாள்.

"சப்புங்க கொழுந்தனாரே. உட்கார்ந்தே இளைச்சுப் போயிட்டீங்க."

இனிப்பைப் பிடிக்க விரல்கள் விரிந்தன. நூல் நழுவியது. ஆளும் பொத்தென்று கீழே விழுந்தான். வெள்ளத்தாய் சிரித்துக்கொண்டே முடிச்சுகளைத் தடவத் தொடங்கினாள். அன்று வயிறார உண்டார்கள். குடும்பமும் பெருகியது. பால் தீர்ந்து கை காலியானதும் பிச்சைக்கண்ணு தானே போய் உட்கார்ந்துகொண்டான். யாரும் அவனைத் திட்டவில்லை.

அன்றைக்குப் பிடித்த வழக்கம்தான்: இன்றும் குளுக்கோஸ் தீரும்வரை நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையைச் சட்டை செய்வதில்லை, அதன் பிறகும், அந்தச் சர்க்கரை ஒரு துளி வந்து பிச்சைக்கண்ணு போல நூலைப் பிடித்திருக்கும் காவலின் கையைத் தளர்த்தினால்தான் அரிவாள்மனை செய்ய உட்காருகின்றன.