சந்தனம் வைத்த போன்

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதன் பெரிய சாமி காலமான பிறகு, அவர் கையால் காவி வாங்கிய ஒருவர் அங்கே குருவாக அமர்ந்தார். நாற்பதைத் தொடாத வயது. துறவுக்கு முன்னால் வேலூரில் போன் சர்வீஸ் கடை வைத்திருந்தவர். ஊர் அவரைச் சின்னச் சாமி என்றது. கேலி செய்யத் தோன்றினால் சர்வீஸ் சாமி என்றது.

கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. முக்தி வேண்டும் என்று வந்தவர்களைவிட, சார்ஜ் ஏறவில்லை என்று வந்தவர்களே அங்கே அதிகம். மடத்துக்கு இது அழகா என்று முணுமுணுத்த பெரிய மனிதர்களும், விழுந்து கும்பிட்டு எழும்போது சட்டைப் பையிலிருந்து மெல்லப் போனை எடுத்து நீட்டினார்கள். சாமி யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

"கம்ப்யூட்டர் அப்படியே நின்னு போகுது, சாமி."

"அணைச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விடுங்க."

பாதி இயந்திரங்களுக்கு அது போதுமாக இருந்தது. மனம் சரியில்லை என்று வந்தவர்களுக்கும் அவர் அதையேதான் சொன்னார்.

அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் மாசிலாமணி. சாமியின் அப்பா வயது இருக்கும். ஆரணியில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பொருள் வாங்குவதில் சூரர். ஒரு மிக்சி வாங்க ஊர் ஊராகப் போய் விசாரிப்பார். மூடியைத் தட்டிப் பார்ப்பார். கவிழ்த்துப் பிடித்து, அடிப்பக்கம் திருகாணி போட்டிருக்கிறதா, பசை வைத்து ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். திருகாணி இருந்தால்தான் நாளைக்குத் திறந்து ரிப்பேர் பண்ண முடியும் என்பது அவர் கட்சி. எல்லாம் பார்த்த பிறகு கடைக்காரரிடம் ஒரே கேள்வி: "எத்தனை வருஷம் வரும்?"

தெருவில் யார் டிவி வாங்கினாலும் அவரைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். அவர் வீட்டு ரிமோட் பாலிதீன் உறையை விட்டு வெளியே வந்ததில்லை. அவருடைய மகள் அமுதவல்லி அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். "ரிமோட்டுக்குச் சட்டை, போனுக்குச் சட்டை. எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்கப்பா."

அந்தப் பெண் இறந்துபோனாள். விடுமுறைக்கு அவள் ஊர் திரும்பிய பஸ் வழியில் கவிழ்ந்தது. மனைவி அதற்கு முன்பே போய்விட்டிருந்ததால் வீட்டில் அவரைத் தவிர யாரும் மிச்சமில்லை. சில ஆண்டுகள் கடையிலேயே உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு மடத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. வாசல் பெருக்கினார், தண்ணீர் இறைத்தார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆயுத பூசை வந்தது. சாமியின் மேசையில் ஸ்க்ரூ டிரைவர்களும், ஈயம் பற்றவைக்கும் கம்பியும், பழைய கம்ப்யூட்டரும் துடைத்துப் பொட்டு வைத்து வரிசையாக இருந்தன. தீபாராதனைக்கு முன் மாசிலாமணி தயங்கித் தயங்கி வந்து, அந்த வரிசையின் ஓரத்தில் தன் பழைய பட்டன் போனை வைத்தார். கிண்ணத்திலிருந்து சந்தனம் தொட்டு அதற்கும் வைத்தார்.

சாமி அதைக் கையில் எடுத்தார். பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. சார்ஜர் சொருகும் இடத்தில் பழைய சந்தனம் கல்லாக இறுகிக் கிடந்தது.

"கடைசியா எப்போ சார்ஜ் போட்டீங்க, ஐயா?"

"போடவே இல்ல. பொண்ணு போனதும் அணைச்சு வெச்சது. வருஷா வருஷம் இந்தப் பூசைக்கு மட்டும் வெளியில எடுப்பேன். பொட்டு வெச்சுட்டுத் திரும்ப உள்ள வெச்சிடுவேன்."

"ஏன்?"

"எடுத்துப் புழங்கினா தேஞ்சிடும்ல?"

சாமி போனைத் திருப்பிப் பார்த்தார். மாசிலாமணிதான் மேலே பேசினார்.

"இதுல பேசுறதெல்லாம் தானா பதிவாயிடும். அவ கடைசியா பேசினதும் இதுக்குள்ளதான் இருக்கு."

"கேட்டிருக்கீங்களா?"

"இல்ல. மனசுக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும்னு வெச்சிருந்தேன்."

"அன்னிக்கு உங்ககிட்டதானே பேசினாங்க?"

"என்கிட்டதான். கடையில நல்ல கூட்டம், சாமி. துவரம்பருப்பு நிறுத்துக்கிட்டே ஊம் கொட்டினேன். அவ பாட்டுக்கு எதையோ சொல்லிச் சிரிச்சா. என்னன்னு நான் காதுல வாங்கல."

சாமி போனை வரிசையில் வைத்துவிட்டுத் தீபாராதனை காட்டினார். கற்பூரம் எரிந்து அடங்கியது.

"இந்தத் தடவை பூசைக்கு எடுத்தப்போ மூடி தூக்கியிருந்துது. ரெண்டு கடையில காட்டினேன். ஆகாதுன்னு கையில குடுத்துட்டாங்க. நீங்க பாருங்க, சாமி. இப்பவே பாருங்க."

"இன்னிக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது, ஐயா. நாளைக்கு உட்காருவோம்."

"கல்லுல போட்டாலும் உடையாதுன்னு கேட்டுக் கேட்டு வாங்கினேன். கெடாத பொருள்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?"

"நாளைக்கு உட்காருவோம்."

சுண்டல் கொடுத்தார்கள். மாசிலாமணி வாங்கிக்கொண்டார். எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகும் அது அவர் கையிலேயே இருந்தது.

மறுநாள் விஜயதசமி. சாமி முதலில் உப்பிய பேட்டரியை நோகாமல் கழற்றி, கொல்லையில் மணலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார். பிறகு ஊசியால் சந்தனத்தைச் சுரண்டினார். சந்தனம் போன இடத்தில் பச்சை பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

"ஈரச் சந்தனம். தண்ணி உள்ள இறங்கியிருக்கு. தகட்டை அரிச்சிருச்சு."

"நான்தானே வெச்சேன்" என்றார் மாசிலாமணி.

எந்தப் பொருளையும் எந்தக் கடைக்காரரையும் முழுசாக நம்பாத மனிதர், சந்தனத்தை மட்டும் தட்டிப் பார்க்காமல் நம்பியிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சாமி இரண்டு ஒயர்களை எடுத்து வைத்தார்.

"இதுல மெமரி கார்டும் இல்ல, கேபிள் சொருகியும் பதிவை எடுக்க முடியாது. பேட்டரி இருந்த இடத்துல வெளியிலிருந்து கரண்ட் குடுத்தா ஒரு தடவை கண்ணைத் திறக்கலாம். அடுத்த தடவைக்கு உத்தரவாதம் இல்ல. அது பேசும்போதே என் போனைப் பக்கத்துல வெச்சுப் பதிவு பண்ணிக்கணும்."

"பண்ணுங்க."

"பக்கத்துல யாரு இருமினாலும் அதுவும் சேர்ந்து விழும். நீங்க வெளியில இருங்க. நான் எடுத்துட்டு வரேன்."

"என் பொண்ணு உள்ள பேசுவா. நான் வெளியில நிக்கவா?"

"அப்படின்னா சத்தம் வரக் கூடாது."

"வராது."

"வந்தா திரும்ப எடுக்க முடியாது, ஐயா."

"வராது, சாமி. அவளுக்குக் கொள்ளி வெச்சப்பவே நான் அழல."

சாமி எழுந்துபோய் ஜன்னலை அடைத்தார். மின்விசிறியை நிறுத்தினார். மடத்தில் சமைக்கும் பரிமளம் அம்மாள் கிரைண்டரை அணைத்துவிட்டுக் கதவருகே வந்து நின்றாள். நல்ல வெயில் வேளை. மூடிய அறையில் இருவருக்கும் வேர்த்து வழிந்தது.

சாமி ஒயரை வைத்தார். திரை வெளுத்தது. மாசிலாமணி பட்டன்களை அழுத்திப் பதிவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். சாமி தன் போனை அருகில் வைத்துத் தலையசைத்தார்.

"அப்பா, பஸ் ஏறிட்டேன்பா."

அவ்வளவுதான். மாசிலாமணியின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. துண்டை வாயில் வைத்து அடைத்தார். துண்டையும் மீறி வந்தது. சுவரில் சாய்ந்தார், தரையில் சரிந்தார். இத்தனை வருஷமாக அழாததெல்லாம் சேர்ந்து வந்தது. சாமி ஒரு கையால் ஒயரைப் பிடித்திருந்தார். மற்றொரு கையை அவர் பக்கம் நீட்டினார். அந்தக் கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அழாதீங்க என்று சொல்லவும் அவரால் பேச முடியாது. பேசினால் அதுவும் விழும்.

பட்டன் போனின் திரை அணைந்தது. கருகிய வாடை வந்தது. சாமி ஒயரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அது மறுபடி கண் திறக்கவில்லை.

மாசிலாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"பதிஞ்சிருக்கா?"

"பதிஞ்சிருக்கு."

"போடுங்க."

சாமி போட்டார். அப்பா, பஸ் ஏறிட்டேன்பா என்று அந்தப் பெண் சொன்னாள். பிறகு ஒரு கிழவனின் அழுகை. அதற்கு அடியில் எங்கேயோ மெல்லிசாக அவள் பேசிக்கொண்டே போவது தெரிந்தது. ஓரிடத்தில் சிரித்தது போலவும் இருந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"என்ன சொல்றா?"

"தெரியல, ஐயா."

"நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே."

"எனக்கும் நீங்க அழுததுதான் கேட்டது."

மாசிலாமணி மறுபடி போடச் சொன்னார். மறுபடி, மறுபடி. கதவருகே நின்ற பரிமளம் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"கம்ப்யூட்டர்ல போட்டு வேண்டாத சத்தத்தை எடுத்துடலாம்னு சொல்றாங்களே, சாமி."

"சொல்றாங்க."

"இந்த அழுகையை மட்டும் எடுத்துடுங்க. எனக்கு இது வேண்டாம்."

சாமி பழைய கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். அது நடு நடுவே உறைந்து நின்றது. அணைத்துக் கொஞ்ச நேரம் சும்மா விட்டார். மறுபடி எழுப்பினார். அன்று யார் கொண்டுவந்த போனையும் அவர் தொடவில்லை. மதியச் சோறு மேசை ஓரத்தில் காய்ந்தது. மாசிலாமணி வாசல்படியில், பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு சாமி கூப்பிட்டார்.

"முடிஞ்சுதா, சாமி?"

"கேளுங்க."

அழுகை இல்லை. சுத்தமாக இல்லை. உலை கொதிக்கத் தொடங்கும்போது வருமே, அப்படி ஒரு இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு நின்றது. மாசிலாமணி சாமியின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கடைசி வரை காத்திருந்தார்.

"அவ எங்க?"

"அழுகையை எடுத்தேன், ஐயா. அவங்களும் அதோடயே போயிட்டாங்க."

"கொஞ்சமா எடுத்தா?"

"கொஞ்சமா எடுத்தா அவங்களும் கொஞ்சமா போயிடறாங்க. எல்லா விதமாவும் பார்த்துட்டேன்."

மாசிலாமணி நின்றுகொண்டே இருந்தார். சாமியும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"அப்போ முதல்ல இருந்தது?"

"அதை அழிக்கல."

"அதையே குடுத்துடுங்க."

சாமி அலமாரியைத் திறந்து, யாரோ மடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்த ஒரு போனை எடுத்தார். அந்தப் பதிவை அதில் ஏற்றினார். ஒருமுறை போட்டுக் காட்டினார். அப்பா, பஸ் ஏறிட்டேன்பா. அதன் பிறகு அந்த அழுகை.

மாசிலாமணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். கவிழ்த்துப் பிடித்து ஓரங்களில் திருகாணி இருக்கிறதா என்று தேடினார். தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்ததோ இல்லையோ. கடைக்காரரைப் பார்ப்பது போலவே சாமியை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை வருஷம் வரும், சாமி?"

"நீங்க இருக்கிற வரைக்கும் வரும், ஐயா."