பன்னிரண்டில் நின்ற முள்

முன்னொரு காலத்தில் ஓர் அரிசி ஆலையில் கொதிகலன் ஒன்று இருந்தது. உள்ளே ஆவி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வெளியே சொல்ல இரண்டு பேரை வைத்திருந்தார்கள். ஒன்று உச்சியில் இருந்த வால்வு. ஆவி மிஞ்சினால் வாயைத் திறந்து ஊரே கேட்கக் கத்தும். இன்னொன்று மீட்டருக்குள் இருந்த முள். அதற்குக் கத்தத் தெரியாது, எண்ணைக் காட்டத்தான் தெரியும்.

வால்வு கத்துவது ஆலையைப் பார்க்க வந்த விருந்தாளிகளுக்குப் பிடிக்கவில்லை என்று மேலாளர் அதன் வாயைக் கம்பி போட்டுக் கட்டச் சொன்னார். அவர்கள் போன பிறகு அவிழ்க்கச் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு ஆயிரம் வேலை.

பத்தைத் தாண்டினால் ஆபத்து. ஒரு செவ்வாய்க்கிழமை முள் பன்னிரண்டுக்குப் போய் நின்றது.

"என்னப்பா, பன்னிரண்டுல நிக்கிற?" என்றது மேசைமேல் கிடந்த பதிவேடு. "இங்க சாயந்தரம் வரைக்கும் ஒன்பது, ஒன்பதுன்னு காலையிலயே எழுதியாச்சு."

"எழுதினவங்க வந்து என்னைப் பார்த்தாங்களா?"

"பார்க்கிறதா முக்கியம்? மேலிடத்துக்குப் போறது நான்தான். நீ கொஞ்சம் இறங்கிக்கோ. உனக்கும் வம்பில்ல, எனக்கும் அடித்தல் திருத்தல் இல்ல."

முள்ளுக்கு ஆத்திரம் பொங்கியது. "அடுப்புக்கு முன்னால நிக்கிறது மாசானம். வெடிச்சா முதல்ல போறது அவர் உயிர். நீ மேசையில சொகுசாப் படுத்திருப்ப. நான் இறங்க மாட்டேன்."

அடுப்புக்கு உமி போட்டுக்கொண்டிருந்த மாசானம் நிமிர்ந்து முள்ளைப் பார்த்தார். ஓடிப்போய் மேலாளரை அழைத்து வந்தார். மேலாளர் முதலில் பதிவேட்டைத்தான் புரட்டினார்.

"இதுல ஒன்பதுன்னு இருக்கே. அப்போ முள்ளுதான் கெட்டுப்போச்சு. மீட்டரை மாத்துங்க. நீ போய் உமியைப் போடு மாசானம்."

ஃபிட்டர் மீட்டருக்குப் போகும் குழாயை அடைத்து மீட்டரைக் கழற்றித் தரையில் வைத்தார். முள் சுழியத்தில் விழுந்தது.

பதிவேடு சிரித்தது. "என் பேச்சைக் கேட்டிருந்தா இந்தக் கதி உண்டா?"

"கேட்டிருந்தா அப்புறம் முள்ளுன்னு நான் எதுக்கு?"

பெட்டியைப் பிரித்துப் புது மீட்டரை மாட்டினார்கள். அதிலிருந்த முள்ளுக்கு மேலாளரையும் தெரியாது, பதிவேட்டையும் தெரியாது. குழாயைத் திறந்ததும் கிடுகிடுவென்று ஏறியது. ஒன்பதில் நிற்கவில்லை. பத்திலும் நிற்கவில்லை. பன்னிரண்டையும் தாண்டி அரைக் கோடு தள்ளிப் போய் நின்றது. தரையில் கிடந்த பழைய முள்ளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

"இதுவும் கெட்டதுதான். இன்னொரு பெட்டியைப் பிரிங்க," என்றார் மேலாளர்.

மாசானம் உமிக்கூடையைக் கவிழ்த்து வைத்தார். நீளமான இரும்புக் கம்பியை எடுத்து, அடுப்பிலிருந்த தணலை வெளியே இழுத்துத் தள்ள ஆரம்பித்தார்.

"யாரைக் கேட்டுத் தணலை இழுக்கிற?"

மாசானம் கையை நிறுத்தவில்லை.

"முள்ளைக் கேட்டுத்தான் சார்."