வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்

குரு கையை நீட்டி, முனிரத்தினத்தின் பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். அண்ணாந்து, உதடு படாமல் நாலு மடக்குக் குடித்தார்.

"நல்ல தண்ணி," என்றார். "எங்க புடிக்கிற?"

"வீட்டுலதான் சாமி. ஆத்துத் தண்ணி, குழாயில வருது."

"இவ்வளவு தூரம் தூக்கிகிட்டு வர்ற."

"வண்டியில மாட்டிகிட்டு வந்துடறேன் சாமி. ஒரு பாரமும் இல்ல."

குரு பாட்டிலை மூடி இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. முனிரத்தினத்துக்குக் கழுத்தில் வேர்த்தது.

பின்பக்கம் மொபெட் ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. "வந்துட்டாங்க," என்று குரு எழுந்து சமையல்கட்டுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வந்தது தெய்வானை. பார்க்காமலே முனிரத்தினத்துக்குத் தெரியும். இரண்டு மாதமாக இதுதான் நடக்கிறது. அவள் பின்வாசல் வழியாக வருகிறாள், குரு உள்ளே போகிறார், கதவு சாத்தப்படுகிறது.

ஒன்பது வருஷமாக முனிரத்தினம் இந்தக் கரட்டு ஆசிரமத்துக்கு வருகிறார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார். ஆபீஸில் எல்லோரும் சார் என்கிற மனிதருக்கு அது பிடித்திருந்தது. அதை நெருக்கம் என்று வைத்துக்கொண்டிருந்தார். தெய்வானையை குரு "வாங்கம்மா" என்று அழைத்த நாளிலிருந்து அதே 'நீ' உறுத்தத் தொடங்கியது. ஒன்பது வருஷத்தில் தனக்காக ஒரு கதவும் சாத்தப்பட்டதில்லை.

தெய்வானை அவருக்குக் கீழே வேலை பார்த்தவள். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவர் மூத்த ஆய்வாளர். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் பிடித்துவந்து புளோரைடு பார்ப்பார்கள். பார்த்ததை மேலே அனுப்ப வேண்டும். ஊர்க்காரர்களிடம் சொல்லக் கூடாது. அப்படியொரு சுற்றறிக்கை இருந்தது. சொன்னால் ஜனங்கள் பதறிப்போய்க் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள், மாற்று ஏற்பாடு ஆனதும் மேலிடமே அறிவிக்கும் என்று அதில் காரணமும் போட்டிருந்தார்கள். மாற்று ஏற்பாடு ஆன ஊர் எதையும் முனிரத்தினம் பார்த்ததில்லை. என்றாலும் அவர் வாயைத் திறந்ததில்லை.

தெய்வானை நத்தமேட்டில் திறந்துவிட்டாள். "புள்ளைங்களுக்கு இந்தத் தண்ணிய ஊத்தாதீங்க, பல்லு கறை புடிக்கும், வயசானா முட்டி மடங்காது," என்று தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களிடம் சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்று கேட்டவர் முனிரத்தினம். அவளை சஸ்பெண்ட் செய்தார்கள். நாளைக்கு விசாரணை, அவர்தான் சாட்சி. அவர் ஆமாம் என்றால் அவளுக்கு வேலை போய்விடும்.

ஆமாம் என்று சொல்வதாகத்தான் இருந்தார். நடந்தது நடந்ததுதானே. அவருக்குப் பொறுக்காதது வேறு. சஸ்பெண்ட் ஆனவள் வீட்டுக்கு நத்தமேட்டிலிருந்து முருங்கைக்காய் வருகிறது. பால் வருகிறது. காதுகுத்துக்கு அவளை அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். அவள் பிறப்பதற்கு முன்னாலேயே என்று சொல்ல முடியாவிட்டாலும், அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்து முனிரத்தினம் அந்த ஊருக்குப் போய்வருகிறார். ஒரு வாழைப்பூ கொடுத்தவர் இல்லை.

இப்போது குருவும் அவள் பக்கம்.

வாசலில் சின்னப்பாப்பா பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். ஆசிரமத்தில் போடும் வியாழக்கிழமைச் சோற்றுக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஜனம் வரும். அவள் கொல்லப்பட்டியிலிருந்து முன்னதாகவே வந்து காய் அரிந்து கொடுப்பாள்.

"என்ன சார், உங்கள வெளிய உட்டுட்டுக் கதவ சாத்திட்டாங்களா?"

"ஏதாவது பேசுவாங்க."

"வாரா வாரம் அப்பிடி என்னத்த பேசுவாங்க?"



"இன்னிக்கும் வெரதமா?"

"ஆமா."

"ஆறு மாசமா பாக்கறேன். வியாழக்கெழமையானா இங்க ஒரு பருக்கை, ஒரு வாய்த் தண்ணி தொடறதில்ல. உங்க வெரதம் மாதிரி ஒரு வெரதத்த நான் எங்கயும் பாத்ததில்ல சார்."

கேலியா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பூசணி விதையை வழித்துக்கொண்டிருந்தாள்.

விரதம் என்று ஒன்று இல்லை. ஆறு மாதத்துக்கு முன் ஆசிரமத்துக் கிணற்றையும் சோதித்தாயிற்று. அந்த முடிவும் மேலே போய்விட்டது. அடுத்த வாரத்திலிருந்து முனிரத்தினம் விரதம் என்றார், பாட்டிலோடு வந்தார். குருவிடம் சொல்லவில்லை. குருவும் பொதுமக்களில் ஒருவர்தான். சுற்றறிக்கையில் யாருக்கும் விலக்கு இல்லை.

"அது கெடக்கட்டும்," என்றாள் சின்னப்பாப்பா. "எங்க ஊரு பெரிய போர்ல கேன்ல புடிச்சிகிட்டுப் போனீங்களே. என்ன ஆச்சு?"

"ரிசல்ட் மேல போயிருக்கும்மா."

"எப்ப கீழ வரும்?"

"அவங்க சொல்லுவாங்க."

"எவங்க?"

"மேல இருக்கறவங்க."

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

"சொல்லக் கூடாதும்மா."

"தெரியாதுன்னாகூட சொல்லக் கூடாதா?"

"அதையும் சொல்லக் கூடாது."

"நல்ல உத்தியோகம் சார்." அவள் அடுத்த கீற்றை எடுத்தாள். "தெய்வானையம்மாவ கேட்டுப் பாத்தேன். கொல்லப்பட்டி ரிசல்ட் வர்றதுக்குள்ள என்னைய வெளிய அனுப்பிட்டாங்க, அது சாருக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டாங்க."

அது முனிரத்தினத்துக்கு இனிப்பாக இருந்தது. தெய்வானையிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருந்தது. கன்னத்தில் கற்கண்டை அடக்கியவர்போல அதை அப்படியும் இப்படியும் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் பார்த்ததிலேயே கொல்லப்பட்டிதான் மோசம்.

"எம் புள்ளைக்குப் பால்பல்லு கொட்டி இப்பத்தான் மொளைக்குது," என்றாள் சின்னப்பாப்பா. "அதுக்குத்தான் கேட்டேன்."

கதவு திறந்தது. குரு ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். தெய்வானை வரவில்லை. கதவு தானாகப் பின்னால் சாத்திக்கொண்டது.

"உள்ள என்ன சாமி?"

"சொல்லக் கூடாது," என்றார் குரு.

"ஏன் சாமி?"

"சொன்னா நீ பதறுவ."

"பதற மாட்டேன்."

"எல்லாம் ஒரு ஏற்பாடு ஆகட்டும். நானே சொல்றேன்."

"எப்ப?"

"நாள் சொல்ல முடியாது."

"அவளுக்கு மட்டும் எப்படி? ரெண்டு மாசமா வர்றா. நான் ஒன்பது வருஷம்."

"ஆமா. ஒன்பது வருஷம்."

முனிரத்தினம் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுக் கிட்டத்தில் வந்தார். "என்னப் பத்தின பேச்சா சாமி?"

"உன்னப் பத்தியும் உண்டு."

"அப்ப எனக்குத் தெரியணும். எனக்கு நல்லதோ கெட்டதோ, என் சங்கதிய எங்கிட்டயே மறைக்க யாருக்கும் உரிமை கெடையாது. எனக்கு எது தாங்கும் தாங்காதுன்னு இன்னொருத்தர் முடிவு பண்றதா?"

குரல் உயர்ந்துவிட்டது. பூசணி அரிகிற சத்தம் நின்றது.

குரு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"தாழ்ப்பாள் போடல," என்றார். "போய்ப் பாரு."

முனிரத்தினம் கதவைத் தள்ளினார். தெய்வானை குந்தியிருந்தாள். முன்னால் நீல டிரம், அதன் வாயில் வெள்ளைத் துணி. ஒரு பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்துத் துணி வழியாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். பின்வாசலில் மொபெட் நின்றது. அதில் ரப்பர் கயிற்றால் கட்டிய இன்னும் இரண்டு குடங்கள்.

அவள் குடத்தை நிமிர்த்தினாள். "பாத்துட்டீங்களா சார்," என்றாள்.

"எங்க தண்ணி இது?"

"எங்க தெருக் குழாய்த் தண்ணி."

"எத்தன நாளா?"

"நான் வர ஆரம்பிச்ச நாள்ல இருந்து. அதுக்கு முன்னாடி சாமியே சைக்கிள்ல கொண்டாந்திருக்காங்க. கெணறு செடிகொடிக்கு மட்டுந்தான்."

"எங்கிட்ட எதுக்கு மறைச்சீங்க?"

"நீங்கதான சார் சாட்சி. பாத்தீங்கன்னா நாளைக்கு அங்க சொல்லியாகணும். சஸ்பெண்ட் ஆகியும் இந்தம்மா அடங்கலன்னு எழுதுவாங்க. நாந்தான், சாருக்குத் தெரிய வேணாம்னு சாமிகிட்ட கேட்டுகிட்டேன்."

"வேற யாருக்குத் தெரியும்?"

தெய்வானை தயங்கினாள். "சமைக்கறவங்களுக்குத் தெரியும். சின்னப்பாப்பாவுக்குத் தெரியும். சாப்பிட வர்றவங்களுக்கும் தெரியும் சார்."

முனிரத்தினம் தன் விரதத்தை நினைத்துக்கொண்டார்.

"கெணத்தப் பத்தி நீதான சாமிகிட்ட சொன்ன?"

"இல்ல சார். நான் வர்றதுக்கு முன்னாடியே சாமிக்குத் தெரிஞ்சிருந்துது."

"பின்ன யாரு சொன்னது?"

"நீ," என்றார் குரு. எப்போது வந்தார் என்று தெரியவில்லை, கதவருகே நின்றிருந்தார்.

"நானா?"

"தண்ணிய சோதிக்கற ஆளு ஒருநாள் வீட்டுல இருந்து தண்ணியோட வந்தான். அன்னிக்கே இங்க சோறும் வேணாம்னான். அதுக்கு மேல எனக்கு என்ன சொல்லணும்?"

 முனிரத்தினத்துக்கு முதலில் வந்தது கூச்சம். அது நிற்பதற்குள் பின்னாலேயே இன்னொன்று வந்து அதைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டது. குருவிடம் முதலில் சொன்னது தான். அவள் இல்லை.

"அப்ப நானும் சொன்னவன்தான் சாமி," என்றார். "ஆர்டரையும் மீறல. சேதியும் வந்து சேந்துடுச்சு. இவ வாயத் தொறந்து சொல்லிட்டு வேலைக்கு ஆபத்து தேடிகிட்டா. நான் பேசாமயே..." தெய்வானை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குரல் இறங்கியது. "யாரு ஒசத்தின்னு நான் கேக்கல."

"கேளேன்."

"யாரு சாமி?"

"உன் பாட்டில் கொல்லப்பட்டியில இருந்து பாத்தா தெரியுமா?" என்றார் குரு.

 

தெய்வானை எழுந்துபோய் மொபெட்டிலிருந்து அடுத்த குடத்தை அவிழ்த்து வந்தாள். துணியைச் சரிசெய்துவிட்டுச் சாய்த்தாள். முனிரத்தினம் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு குடம்தான். அதுவும் தீர்ந்தால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். சின்னப்பாப்பா மறுபடி அவளிடம்தான் கேட்பாள். தெய்வானை சும்மா இருக்கிறவள் இல்லை. கொல்லப்பட்டிக்கே போய் ஒரு கேனில் பிடித்து, எங்கேயாவது கொடுத்துப் பார்த்து வந்து சொல்லிவிடுவாள்.

குடம் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது.

முனிரத்தினம் விறுவிறுவென்று வெளியே வந்தார். சின்னப்பாப்பாவின் முன்னால் நின்றார். 

"பெரிய போர்த் தண்ணிய குடிக்காதீங்க," என்றார். "புள்ளைக்குக் குடுக்கவே குடுக்காதீங்க. காய்ச்சினாலும் போகாது."

அவள் நிமிர்ந்தாள். "பல்லா சார்?"

"மொதல்ல பல்லு. அப்புறம் எலும்பு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல கைப்பம்பு இருக்கில்ல, அது பரவால்ல. குடிக்க, சமைக்க அதுல புடிங்க. மத்ததுக்கு போர்த் தண்ணி இருக்கட்டும்."

"ஊர்ல சொல்லலாமா?"

"எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

"யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்களே சார். என்னன்னு சொல்றது?"

முனிரத்தினம் திரும்பிப் பார்த்தார். தெய்வானை இன்னும் வெளியே வரவில்லை.

"நான் சொன்னேன்னு சொல்லுங்க," என்றார். "தண்ணி ஆபீஸ் முனிரத்தினம்னு பேரச் சொல்லியே சொல்லுங்க."

சின்னப்பாப்பா அரிவாள்மணையை ஓரமாகச் சாய்த்தாள். ஈரக் கையை இடுப்பில் துடைத்தாள். முந்தானை நுனியை எடுத்து, மறந்துவிடாதபடி ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.