பிரமு வாங்கிய தொட்டில்

பிரமு நாலடிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நிறைமாத வயிற்றோடு தொட்டில் வாங்கப் போனாள். புருஷன் லாரியில் போனால் வர வாரமாகும். பிள்ளையை அவள்தான் தூக்கியாக வேண்டும். கடைக்காரர் பொன்னுத்துரை அண்ணாச்சியோ, அவள் தாடை உயரத்துக்குப் பலகை அடைத்த தொட்டிலைத் தட்டிக் காட்டினார்.

"எனக்குத் தொட்டிலோட அடி எட்டாது அண்ணாச்சி. அந்தத் தணிஞ்சதக் காட்டுங்க."

"அது இல்லாதப்பட்டவங்க வாங்குறது. எட்டாம என்ன? ஒன் ஒசரத்துல நின்னே எடுத்துக் காட்டட்டுமா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அப்ப ஒங்க போனைப் பிள்ளையா நெனச்சு உள்ள போடுங்க," என்றாள் பிரமு.

அண்ணாச்சி போனைப் போட்டுவிட்டு, அவள் உயரத்துக்கு முட்டிபோட்டார். பிரமு கடைப் பெயர்ப்பலகையில் இருந்த அவர் நம்பரைத் தன் போனில் அழுத்தினாள். தொட்டிலுக்குள் போன் அலறியது.

"பிள்ளை அழுவுது அண்ணாச்சி, தூக்குங்க."

அண்ணாச்சி கையை விட்டார். பலகை அக்குளில் இடித்தது. விரல் அந்தரத்தில் துழாவியது. எக்கினார், சட்டைப் பொத்தான் தெறித்தது. போன் ஓயவில்லை. பொறுக்காமல் எழுந்திருக்கப் போனார்.

"எந்திரிக்காதீங்க அண்ணாச்சி. நான் எந்திரிச்சு நின்னாத்தான் இந்த ஒசரம்."

முட்டிபோட்டபடியே அண்ணாச்சி தணிந்த தொட்டில் கிடந்த மூலையைக் கைகாட்டினார்.